மோரே: பாதி வழியில் நின்றுபோன ஊர்

(எல்லைக்கு அப்பால் தமிழ் – 17)

தி. நகர் வடக்கு உஸ்மான் சாலையில் ரெப்கோ வங்கியின் தலைமை அலுவலகம் இருக்கிறது. நகைக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் ஓடுகிற அவசரத்தில் அந்தப் பெயரை யாரும் நின்று யோசிப்பதில்லை. நானும் பல வருஷம் அதை இன்னொரு வீட்டுக்கடன் வங்கி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ரெப்கோ என்பது சுருக்கப் பெயர். விரித்தால் 'தாயகம் திரும்பியோர் கூட்டுறவு வங்கி' என்று வரும். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள் இங்கே ஒரு தொழில் பார்த்துப் பிழைக்கக் கடன் கொடுப்பதற்காக மத்திய அரசு 1969இல் ஏற்படுத்திய வங்கி. அதே வருஷம்தான் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே பர்மா பஜாரும் முளைத்தது. பஜாரை ஊருக்கே தெரியும். உஸ்மான் சாலையில் ஒரு பெயர்ப்பலகைக்குள் பர்மா ஒளிந்திருப்பது தெரியாது.

தாயகம் திரும்பியோர். அரசாங்கத் தமிழில் இது நல்ல சொல்தான்; கேட்டால் மனசு இளகும். ஆனால் பர்மாவின் பெகுவில் பிறந்து, அப்பனும் பெகுவில் பிறந்து, ராமநாதபுரம் ஜில்லாவைத் தாத்தா சொன்ன கதையில் மட்டுமே பார்த்த ஒருவன் 1964இல் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினால், அவன் எங்கே திரும்புகிறான்? அவன் முதல் தடவையாக வருகிறான். இதை அப்போது கோப்பு எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். அப்படி வந்தவர்களில் சில ஆயிரம் பேர், இங்கே கொஞ்ச காலம் தட்டுத் தடுமாறிப் பார்த்துவிட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு சென்ட்ரலில் ரயிலேறி வடக்கே போனார்கள். அவர்கள் கணக்கில் அதுதான் திரும்புதல். அந்தத் திரும்புதலுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. பாதி வழியில் அது நின்றுபோனது. நின்ற இடத்தின் பெயர் மோரே.

மணிப்பூரின் கடைசி ஊர் மோரே. இம்பாலிலிருந்து தென்கிழக்கே சுமார் 110 கிலோமீட்டர். தௌபால், பல்லேல் வரை சமவெளி. அங்கிருந்து ரோடு மலையேறி, தெங்னௌபால் உச்சியைத் தொட்டு, அந்தப் பக்கமாகச் சுற்றிச் சுற்றி இறங்கும். குடெங்தாபி சோதனைச் சாவடியில் அசாம் ரைஃபிள்ஸ் ஜவான்கள் வண்டியை நிறுத்தி மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். கீழே வந்தால் காபோ பள்ளத்தாக்கின் விளிம்பில் ஊர். ஊர் முடிகிற இடத்தில் இந்தியாவும் முடிகிறது. ஒரு கேட்டைத் தாண்டினால் நம்பாலோங் சந்தை. இன்னும் நாலைந்து கிலோமீட்டரில் தாமு என்ற பர்மிய ஊர். 2011 கணக்கெடுப்பில் மோரேயின் ஜனத்தொகை 16,847. குக்கி, மெய்தேய், நாகா, நேபாளி, பஞ்சாபி, மார்வாடி, பிகாரி எல்லோரும் இருந்தார்கள். நடுவில் தமிழ்நாட்டுக் கணக்கில் கோபுரம் வைத்த ஓர் அங்காள பரமேசுவரி கோயிலும், ஒரு தமிழ்ச் சங்கமும்.

ராமநாதபுரத்துக்கும் தஞ்சாவூருக்கும் காபோ பள்ளத்தாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும்.

1937 ஏப்ரல் 1 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். மதுரையிலிருந்து மதராசுக்குப் போவதுபோல மதராசிலிருந்து ரங்கூனுக்குப் போனார்கள். பாஸ்போர்ட் என்ற பேச்சே இல்லை. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் நகரத்தின் 4 லட்சம் பேரில் 2 லட்சத்துக்கு மேல் இந்தியர்கள். பர்மியர்களின் தலைநகரத்தில் பர்மியர்களே சிறுபான்மை! மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலையில் வேலை பார்த்தவர்கள், ரயில்வே குமாஸ்தாக்கள், போலீஸ்காரர்கள், வட்டிக்கடை செட்டியார்கள் என்று மேலிருந்து கீழ்வரை நம் ஆட்கள். முப்பதுகளின் மந்தத்தில் நெல் விலை விழுந்ததும் கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் கால்வாசி அவர்கள் பெயரில் இருந்தது. பின்னால் நடந்த பலவற்றுக்கு விதை இங்கேதான் விழுந்தது. நாம் இந்தக் கதையைச் சொல்லும்போது இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவது வழக்கம். கப்பலில் துரத்தப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு ஏக்கர்கூடச் சொந்தமாக இருந்ததில்லை என்பதும் உண்மை. ஆனால் நிலம் இழந்த பர்மியக் குடியானவனின் கண்ணில் மூட்டை தூக்கியவனும் வட்டிக்கடைக்காரனும் ஒரே 'கலா'தான். இந்தியர்களைக் குறிக்க பர்மியர்கள் வைத்திருக்கிற, அவ்வளவு மரியாதையில்லாத சொல் அது.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. கப்பல் டிக்கெட் கிடைத்தவர்கள் கப்பலில் தப்பினார்கள். கிடைக்காதவர்கள் நடந்தார்கள். சில மாதங்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியில் செத்தவர்களை முறையாக எண்ணியவர் யாருமில்லை. பத்தாயிரம் என்பார்கள், ஐம்பதாயிரம் என்றும் எழுதியிருக்கிறார்கள். 'பராசக்தி' படத்தில் ஒரே ஒரு கப்பல் டிக்கெட்டை வைத்துக்கொண்டு மூன்று அண்ணன் தம்பிகள் தவிக்கிறார்களே, அது இந்தக் காலம்தான். படம் வெளிவந்த 1952இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்த பலருக்கு அது சொந்தக் கதை.

நடந்தவர்களின் பாதைகளில் முக்கியமான ஒன்று தாமு வழியாக பல்லேலுக்கு ஏறியது. அதாவது, நாம் பேசிக்கொண்டிருக்கிற மோரே வழி. அதிலும் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு தடம், மற்றவர்களுக்கு ஒரு தடம். சாவுக்குப் பயந்து ஓடுகிறபோதும் தோலின் நிறத்தைப் பார்த்துத்தான் வழிகாட்டினார்கள்.

1942இல் மணிப்பூர் மலைகளின் வழியே வந்த கூட்டத்தில் வெ. சாமிநாத சர்மாவும் இருந்தார். திரு.வி.க.வோடு 'தேசபக்த'னிலும் 'நவசக்தி'யிலும் வேலை பார்த்தவர். 1932இல் பர்மா போய், 1937 முதல் ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்தியவர். காரல் மார்க்ஸையும் பிளேட்டோவையும் தமிழில் படித்த ஒரு தலைமுறை இவர் புத்தகங்களில்தான் படித்தது. மனைவி மங்களத்துடன் அந்தப் பயணத்தை முடித்து வந்து, அதை ஒரு புத்தகமாகவும் எழுதி வைத்தார். கடைசிக் காலத்தைத் திருவான்மியூர் கலாக்ஷேத்திர வளாகத்தில் கழித்து, 1978இல் அங்கேயே காலமானார். அடையாறு பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அவ்வளவு அமைதியான மரநிழலில் கடைசியாக உட்கார்ந்திருந்தவர், காபோ பள்ளத்தாக்கின் கொசுவையும் சேற்றையும் பார்த்துவிட்டு வந்தவர். சர்மா திரும்பியவர். அந்தச் சொல் அவருக்குப் பொருந்தும். போனவர் வந்தார்.

இரண்டு வருஷம் கழித்து, 1944இல், இதே மலைப்பாதையில் எதிர்த்திசையில் ஜப்பானியப் படையும், கூடவே நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் ஏறி வந்தன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் அந்த ராணுவத்தில் ஏராளம். பல்லேல் வரை வந்து முட்டி, மழையிலும் பசியிலும் பின்வாங்கினார்கள். அது தனிக்கதை, இத்தொடரின் 9ஆம் பகுதியில் பார்த்தோம்.

யுத்தம் முடிந்ததும், ஓடிவந்தவர்களில் கணிசமானோர் மறுபடி பர்மா போனார்கள். பிழைப்பு அங்கே இருந்தது. 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963இல் வங்கிகள் அரசுடைமை. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமை, அடுத்த மாதம் மற்ற ஊர்க் கடைகளும். ராத்திரி பூட்டிவிட்டுப் போன கடையின் வாசலில் காலையில் மக்கள் கடை என்று பலகை தொங்கியது. அந்த மே மாதமே 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பெட்டியில் வைத்திருந்த கொஞ்சநஞ்சமும் காகிதமாயிற்று. 2016 நவம்பர் ராத்திரியை அனுபவித்த நமக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நமக்காவது மாற்றிக்கொள்ள வங்கி வாசலில் ஒரு வரிசை இருந்தது, மாற்றிய பின் இருக்க ஊரும் இருந்தது.

இந்தியா கப்பல்கள் அனுப்பியது. அடுத்த சில வருஷங்களில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்து பதிவு செய்தவர்கள் மட்டும் 1 லட்சத்து 44 ஆயிரத்துக்கும் மேல். தங்கத்தைத் துறைமுகத்திலேயே உருவிக்கொண்டு விட்டதாகச் சொல்லாத பர்மாக் குடும்பமே கிடையாது.

வந்து இறங்கிய நேரத்தையும் பார்க்க வேண்டும். 1964, 65, 66. தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. படி அரிசிக்கு வரிசை. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொல்லி 1967இல் ஆட்சியையே பிடித்தது என்றால், சோற்றின் நிலைமை எப்படி இருந்திருக்கும்! இவர்கள் வந்ததோ உலகத்துக்கே அரிசி ஏற்றிய நாட்டிலிருந்து. 1942க்கு முன்னால் மதராஸ் மாகாணமே ரங்கூன் அரிசியை நம்பிச் சாப்பிட்டது. அரிசி எங்கிருந்து வந்ததோ அங்கிருந்து ஆட்கள் வெறுங்கையோடு வந்து, இங்கே அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். முகாமில் மாதக்கணக்கில் காத்திருப்பு, தொழிற்கடன் என்று ஒரு தொகை. சொந்த ஊர் என்று சொல்லப்பட்ட கிராமத்துக்குப் போனால் பங்காளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்; பாகத்துக்கு வந்துவிட்டான் என்ற பயம். கைலி கட்டுகிற விதம், பேச்சின் இழுப்பு, மதியச் சாப்பாட்டுக்கு மீன் கருவாட்டு விழுது என எல்லாமே 'பர்மாக்காரன்' என்று காட்டிக்கொடுத்தன. அங்கே கலா, இங்கே பர்மாக்காரன்.

அப்போதுதான் சிலருக்கு அந்தப் பழைய பாதை நினைவுக்கு வந்தது. 1942இல் அப்பாவோ சித்தப்பாவோ நடந்துவந்த பாதை. கப்பலில் போனால் துறைமுகத்தில் பிடிப்பார்கள். மலைக்காட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்? கல்கத்தா வரை ஒரு ரயில், அங்கிருந்து மாறி மாறி திமாப்பூர், பிறகு கொஹிமா வழியாக இம்பாலுக்கு பஸ். இம்பாலிலிருந்து பல்லேல், மோரே. இந்தியாவின் நீளத்தையும் அகலத்தையும் குடும்பத்தோடு கடந்து, எல்லையைத் தாண்டி, தாமுவுக்குள் போய், அங்கிருந்து பழைய ஊருக்கு. திட்டம் எளிமையானது. தாமுவில் பர்மிய அதிகாரிகள் பிடித்தார்கள். சிலரை ஜெயிலில் வைத்தார்கள். மற்றவர்களை வந்த வழியே தள்ளிவிட்டார்கள். வந்த வழியில் முதல் ஊர் மோரே.

அப்போது மோரே என்பது மலையடியில் ஒரு சிறு குடியிருப்பு. குக்கிகளின் சில வீடுகள். மேற்கொண்டு போக விடவில்லை, பின்னால் போக மனசில்லை, போகப் பணமும் இல்லை. இன்று இல்லாவிட்டால் அடுத்த மாதம் விடுவார்கள் என்று குடிசை போட்டார்கள். முதலில் வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்ற சேதி தமிழ்நாட்டுக்குப் போய், அடுத்த கூட்டமும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து எல்லைக்கோட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1967 மார்ச்சில்தான். கோடு ஒழுங்காகக் காகிதத்தில் ஏறுவதற்குள் தமிழர்கள் அதன் ஓரத்தில் அடுப்பு மூட்டிவிட்டார்கள்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்த ஊரில் தமிழர்கள் பதினைந்தாயிரம், இருபதாயிரம் பேர் இருந்ததாகப் பழைய ஆட்கள் கணக்குச் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டியே சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஊரின் பெரிய சமூகங்களில் ஒன்று தமிழர்கள் என்பதில் சந்தேகமில்லை. காரணம் வியாபாரம். பர்மிய மொழி தெரியும். அந்தப் பக்கம் பழகிய ஆட்கள் உண்டு. இந்தப் பக்கம் சென்னை, கல்கத்தாவோடு தொடர்பு உண்டு. நே வின்னின் சோஷலிசத்தில் பர்மாவில் சோப்பு முதல் மாத்திரை வரை எதுவும் கிடைக்காத காலம். இங்கிருந்து துணி, மருந்து, சைக்கிள் பாகம் போனது. அங்கிருந்து பாக்கு, தேக்கு, ரத்தினக்கல், பின்னாளில் சீனத்து எலெக்ட்ரானிக் சாமான் எல்லாம் வந்தது. சட்டப் புத்தகம் அதைக் கடத்தல் என்றது. ஊர் அதை மார்க்கெட் என்றது. ஒரு நாட்டிலிருந்து துரத்தப்பட்டவர்களே அந்த நாட்டுக்கு வேண்டியதை மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வாசல் திறந்திருந்த காலத்தில் மோரேயில் ஒரு நாள் எப்படிப் போனது என்று பார்க்கலாம். பர்மியக் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். இங்கே ஏழு என்றால் கேட்டுக்கு அந்தப் பக்கம் எட்டு. வியாபாரம் செய்கிறவர்கள் மனசில் எப்போதும் இரண்டு கடிகாரம் ஓட வேண்டும். காலையில் ரெண்டாம் நம்பர் கேட் திறந்ததும், கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பர்மியப் பெண்கள் காய்கறியும் மீனும் சுமந்து இந்தப் பக்கம் வருவார்கள். இம்பாலிலிருந்து பஸ்ஸிலும் சுமோவிலும் வந்த கூட்டம், ஒரு சின்னக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, அந்தப் பக்கம் நம்பாலோங்குக்குப் போகும். சீனக் கம்பளி, ஃபிளாஸ்க், செருப்பு, பீங்கான் என்று குவித்து வைத்திருக்கும் அந்தச் சந்தையை, தீபாவளிக்கு முந்தைய ரங்கநாதன் தெருவில் நீந்திப் பழகியவர்கள் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். ரூபாயும் செல்லும், கியாட்டும் செல்லும். இந்திய நேரம் மாலை நாலு மணிக்குள் அவரவர் அவரவர் நாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். இது ஒரு நாள் அனுமதி. தங்க முடியாது.

அறுபது வருஷத்துக்கு முன்னால் எந்த எல்லையைத் தாண்ட முடியாமல் நின்றார்களோ, அந்த எல்லையை அவர்கள் பிள்ளைகள் தினமும் தாண்டினார்கள், சாயங்காலம் திரும்பினார்கள். ரங்கூனோ பெகுவோ மட்டும் அப்படியே எட்டாமல் இருந்தன. எல்லையோரத்தார் 16 கிலோமீட்டர் வரை விசா இல்லாமல் போய்வர இரு நாடுகளும் வைத்திருந்த சுதந்திரப் போக்குவரத்து ஏற்பாட்டில் தாமு அடங்கும். தாத்தாவின் வீடு அடங்காது.

மார்க்கெட் தெருவில் இட்லி, தோசைக்கடை உண்டு. பக்கத்திலேயே பர்மியச் சாப்பாடான மொய்ங்காவும் அத்தோவும் கிடைக்கும். அத்தோவைச் சென்னைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டாம். பர்மா பஜார் பின்தெருவில் தள்ளுவண்டியில் தொடங்கி இப்போது தெற்கே வேளச்சேரி வரை வந்துவிட்டது. அந்த ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோசும் பொரித்த வெங்காயமும் புளித் தண்ணியும் போட்டுக் கையால் பிசைந்து, வாழைத்தண்டு சூப்போடு கொடுப்பது நம் ஊர்க் கணக்கு. அங்கே அது வெறும் பக்கத்து வீட்டுச் சாப்பாடு, ஏக்கம் கலக்காதது. ஒரு மோரேத் தமிழர் காலையில் காய்காரியிடம் பர்மியம், லாரிக்காரரிடம் இந்தி, வாடிக்கையாளரிடம் மெய்தேய், பக்கத்து வீட்டில் குக்கி, ராத்திரிச் சோற்றுக்குத் தமிழ் என்று நாளை ஓட்டுவார். இதைப் பெருமையாகச் சொல்வது நாம்தான். அவர்களுக்கு அது தராசு, படி மாதிரி தொழில் சாமான்.

கோயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீ அங்காள பரமேசுவரி, கூடவே முனீசுவரர். தேர்ந்தெடுத்த தெய்வங்களைப் பாருங்கள். ஆகமக் கோயில் கட்டி, ஊர் நடுவில் ஐம்பொன் சிலை வைக்கிற வசதியுள்ள கூட்டம் அல்ல இது. மசானத்துக்குக் காவல் நிற்கிற அங்காளம்மா, ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கிற முனி. எல்லைச்சாமி என்று நம் கிராமத்தில் சொல்வோமே, அந்த வார்த்தை இந்த ஊரில் வேறு கனம் பெறுகிறது: இங்கே முனி நிற்பது வயல் வரப்பில் அல்ல, இரண்டு நாடுகளின் வரப்பில். பங்குனி உத்திரத்தை ஒட்டிக் காவடியும் தீமிதியும் உண்டு. தீ மிதிக்கிற வரிசையில் மெய்தேய்களும் நேபாளிகளும் நின்றார்கள்; அந்தப் பக்கத்திலிருந்தும் வந்து கும்பிட்டார்கள். தமிழ் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஊரில் உண்டு. தமிழ்ச் சங்கம் எல்லோருக்கும் பொது. போலீஸ், ராணுவம், ஆயுதக் குழு என்று எவர் வந்து பேசினாலும் தமிழர் சார்பில் போய் உட்காருவது சங்கம்தான். இங்கே மயிலாப்பூரில் தமிழ்ச் சங்கம் என்றால் பட்டிமன்றமும் பொன்னாடையும். அங்கே அது பஞ்சாயத்து.

தொண்ணூறுகளில் ஊர் ஆட்டம் கண்டது. 1992இல் வெடித்த நாகா – குக்கி மோதல் மலை மாவட்டங்களையே பிளந்தது. மோரேயின் வரும்படியின் மேல் எல்லா ஆயுதக் குழுக்களுக்கும் கண். வியாபாரம் செய்கிறவன் எல்லோருக்கும் 'வரி' கட்ட வேண்டும்; ஒரு குழுவுக்குக் கட்டினால் இன்னொரு குழுவுக்கு எதிரி. 1995இல் குக்கிகளுக்கும் தமிழர்களுக்கும் நேரடியாகவே மோதல் வந்து உயிர்கள் போயின. அதன்பின் தமிழ்க் குடும்பங்கள் கொத்துக்கொத்தாகக் கிளம்பின. வேறெங்கே, சென்னைக்கு. மூன்றாம் தடவையாக அகதி.

அதே 1995 ஏப்ரலில்தான் மோரே – தாமு எல்லை வணிகம் சட்டப்படி திறந்தது. முந்தின வருஷம் ஜனவரியில் ஒப்பந்தம். முதலில் 22 பொருட்களைப் பண்டமாற்றாக விற்கலாம் என்றார்கள். பிறகு பட்டியல் 40 ஆனது, 62 ஆனது. 2015 டிசம்பரோடு பண்டமாற்றும் போய் முறையான ஏற்றுமதி, இறக்குமதி. பெரிய பெரிய பெயர்கள் வந்தன: கிழக்கு நோக்கிய கொள்கை, ஆசிய நெடுஞ்சாலை, மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை முத்தரப்பு நெடுஞ்சாலை. 2019 ஜனவரியில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடிக்குத் திறப்பு விழா. என் அபிப்பிராயம், மோரேயின் வியாபாரத்துக்குக் கள்ளத்தனம் தந்த உயிரைச் சட்டம் தரவில்லை. காகிதம், வங்கிக் கணக்கு, உரிமம் எல்லாம் உள்ளவன் ஏன் மலையேறி வரப்போகிறான்? அவன் சரக்கு கடல் வழியே போகும். இந்தியா 2021இல் பர்மாவோடு, வருஷம் இரண்டரை லட்சம் டன் உளுந்து வாங்க ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டது. அந்த உளுந்து மூட்டைகள் சென்னைத் துறைமுகத்திலும் இறங்குகின்றன. மயிலாப்பூர் மாட வீதி மெஸ்ஸில் நீங்கள் சாப்பிடும் இட்லியில் பர்மா இருக்க நிறையவே வாய்ப்புண்டு. அது மோரேயைத் தொட்டு வந்ததில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கேட்டை மூடினார்கள். திறக்கும் முன்பே, 2021 பிப்ரவரி 1 அன்று, பர்மாவில் மறுபடி ராணுவ ஆட்சி. இப்போது ஓட்டம் எதிர்த்திசையில்: சகாயிங் பகுதியில் ராணுவத்துக்கும் மக்கள் படைகளுக்கும் சண்டை மூண்டதும், பர்மியர்கள் மோரே பக்கம் தப்பி வந்தார்கள். 2022 ஜூலை 5 அன்று மோரேயிலிருந்து தாமுவுக்குப் போன இரண்டு தமிழ் இளைஞர்கள் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர். புதிதாகக் கல்யாணம் ஆனவர். மோரே கடையடைத்தது, தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் மோரே என்ற பெயர் அந்த வாரம் மூன்று நான்கு நாள் வந்தது. அதற்கு முன்னால் வாசகர்களில் எத்தனை பேருக்கு அங்கே தமிழர் இருப்பது தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. எனக்கே இத்தொடருக்காகப் படிக்கத் தொடங்கும் வரை அரைகுறையாகத்தான் தெரியும்.

அடுத்த வருஷம் மே 3 அன்று மணிப்பூரில் மெய்தேய் – குக்கி கலவரம் தொடங்கியது. மோரேயிலிருந்த மெய்தேய்கள் ஊரைவிட்டே போக நேர்ந்தது. அவர்கள் விட்டுப்போன வீடுகளை ஜூலையில் எரித்தார்கள். நெருப்புக்கு மொழி தெரியாதே, ஒட்டியிருந்த தமிழர் வீடுகள் சிலவும் எரிந்தன. அதைவிடப் பெரிய அடி, இம்பால் சாலை அறுந்தது. சமவெளியிலிருந்து மெய்தேய் வர முடியாது. மலையிலிருந்து குக்கி போக முடியாது. இரண்டு தரப்புமல்லாத தமிழர், நேபாளி, பிகாரிகள்தான் ஓரளவு நடுவில் போய்வர முடிந்தவர்கள். அந்த 'நடுவில்' என்பது எவ்வளவு ஆபத்தான இடம் என்பதை 1995 அவர்களுக்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தது.

2024 பிப்ரவரியில் சுதந்திரப் போக்குவரத்து ஏற்பாட்டை ரத்து செய்வதாக உள்துறை அறிவித்தது. 1,643 கிலோமீட்டர் எல்லை முழுக்க வேலி வருமாம். மோரேயில் 10 கிலோமீட்டர் அப்போதே போட்டாயிற்று. தமிழர்கள் இன்று சில ஆயிரம் பேர் மீதம். படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்கு வருகிறார்கள். ஆதார் அட்டையில் மணிப்பூர் முகவரி, முகத்தில் மதுரை, தமிழில் லேசாகப் பர்மிய இழுப்பு. வீடு பார்க்கப் போனால் 'சொந்த ஊர் எது?' என்று வீட்டுக்காரர் கேட்பாரே, அந்தக் கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல அவர்களால் முடியாது.

அடுத்த வாரம், கப்பலேறவே ஏறாமல் பர்மாவிலேயே தங்கிவிட்டவர்களைப் பார்ப்போம். மோன் மாநிலத்திலும் பெகுப் பக்கத்து நெல் கிராமங்களிலும் இன்றும் ஏர் ஓட்டுகிற தமிழர்கள். மோரேக்காரர்கள் போய்ச்சேர நினைத்த வீடுகளின் அடுத்த வீட்டுக்காரர்கள்.